அச்சகம் இல்லாமல் வெளியாகும் புத்தகங்கள்!
கூத்தாநல்லூரிலும் படிக்கலாம், சிங்கப்பூரிலும் படிக்கலாம்

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஊர், கூத்தாநல்லூர்.

சுற்றிலும் நெல் வயல்கள். ஆனால் ஊர்க்காரர்கள் பலருக்குப் பிழைப்பு கடலுக்கு அப்பால்! சிங்கப்பூர், மலேசியா, அரபு நாடுகள் என்று போய் உழைக்கிறார்கள். இந்த ஊருக்குச் "சின்ன சிங்கப்பூர்" என்றே ஒரு பெயர் உண்டு.

பயணம் போகிறவர் பெட்டியில் எத்தனை புத்தகம் வைக்க முடியும்? இரண்டு, மூன்று வைத்தாலே எடை கூடிவிடும். இன்று அந்தக் கவலை இல்லை. நூறு புத்தகங்களைச் சட்டைப் பையிலேயே கொண்டு போகலாம். எல்லாம் செல்போனுக்குள் அடங்கிவிட்டன!

ஊர் ஊராக அலைந்தார்

தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாத அய்யர் இதே காவிரி நாட்டுக்காரர். 1855-ல் பிறந்தவர். சொந்த ஊர் உத்தமதானபுரம். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டு வந்தார்.

ஓலையைச் செல் அரிக்கும். அதற்கு முன் அச்சேற்ற வேண்டும் என்று அவர் துடித்தார். அச்சிட்ட காகிதமும் அழியும் அல்லவா?

1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் தீக்கு இரையாக்கப்பட்டது. சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பல் ஆயின. ஒரே ஒரு பிரதிதான் உண்டு என்றிருந்த ஏடுகள் போனது போனதுதான்!

2005-ல் இலங்கைத் தமிழர்கள் "நூலகம்" என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்களையும், பத்திரிகைகளையும் அதில் சேர்த்து வருகிறார்கள்.

பொங்கலன்று பிறந்தது

அதற்கு முன்பே இன்னொரு முயற்சி நடந்தது. சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியல் விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம், 1998-ம் ஆண்டு பொங்கலன்று "மதுரைத் திட்டம்" தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் கைகொடுத்தார்கள். ஒருவர் நூலைத் தட்டச்சு செய்வார். இன்னொருவர் பிழை திருத்துவார். யாருக்கும் சம்பளம் கிடையாது.

அப்போது ஒரு தொல்லை இருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிந்தது, இன்னொரு கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரியும்! ஆளுக்கு ஒரு விதமாக எழுத்துகளுக்கு எண் கொடுத்திருந்ததே காரணம். "யூனிகோட்" என்ற பொது முறை வந்தது. தொல்லை தீர்ந்தது.

விதை நெல் போல!

புத்தகம் எப்படி இணையதளம் ஆகிறது?

எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இது தலைப்பு, இது அத்தியாயம், இது பத்தி என்று குறியிட வேண்டும். மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பொருளடக்கம் தயார் ஆகிவிடும். செல்போனில் பார்த்தால் வரி சிறிதாக மடங்கும். கம்ப்யூட்டரில் பார்த்தால் அகலமாக விரியும். "இ-பப்" என்ற மின்னூலும் இப்படித்தான். இணையப் பக்கங்களைப் பொட்டலம் கட்டினால், அதுவே மின்னூல்!

இதற்கு "வேர்ட்பிரஸ்" போன்ற திறந்த மென்பொருள்கள் உதவுகின்றன. அதன் மேல் எழுப்பப்பட்டது, புத்தகங்களுக்கென்றே உள்ள "பிரஸ்புக்ஸ்".

திறந்த மென்பொருள் என்றால் என்ன? விதை நெல்லை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கொடுக்கிறார். வாங்கியவர் விதைக்கிறார். நல்ல கதிரைத் தேர்ந்து அடுத்தவருக்குக் கொடுக்கிறார். திறந்த மென்பொருளும் அப்படியே. யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம்.

ஒரு கம்பெனி பூட்டி வைத்த கருவியில் புத்தகம் செய்தால், கம்பெனி மூடும் நாளில் புத்தகமும் திறக்க முடியாமல் போகலாம். திறந்த கருவியில் அந்தப் பயம் குறைவு. ஒருவர் விட்டால் இன்னொருவர் தொடரலாம்.

இந்தக் கருவிகளைத் துணைகொண்டு, 2013-ல் த. சீனிவாசனும் நண்பர்களும் இலவசத் தமிழ் மின்னூல் தளம் ஒன்றைத் தொடங்கினார்கள். எழுத்தாளர்கள் மனம் உவந்து தரும் நூல்கள் அதில் வெளியாகின்றன.

திருட்டு வேண்டாம்!

கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் படம் பிடித்துப் போடலாமா? கூடாது!

இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் வாழும் காலமும், இறந்த பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. அதன் பிறகே நூல் பொதுச்சொத்து. பாரதியார், கல்கி போன்றோரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவற்றை யாரும் வெளியிடலாம். மற்றவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். எழுதியவன் வயிற்றில் அடித்துத் தமிழ் வளர்க்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. இணையதளமும் சாகாவரம் பெற்றதல்ல! ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தால், தளம் மறைந்துவிடும். எனவே புத்தகத்தின் பிரதி நாலு இடத்தில் இருக்க வேண்டும்.

பெட்டியில் என்ன இருக்கிறது?

வீட்டுப் பரணில் தாத்தா எழுதிய நோட்டு இருக்கலாம். ஊர் வரலாறு, கப்பல் பயணக் குறிப்பு, பாட்டி சொன்ன வைத்தியம் எதுவாகவும் இருக்கலாம். அச்சிடப் பணம் இல்லையே என்று இனி ஏங்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகும் பேத்தி தட்டச்சு செய்தால் போதும். அக்கரையில் இருக்கும் மகன் அன்று இரவே படித்துவிடுவான்.

செல் அரிக்கும் முன் நோட்டை எடுங்கள்!