கார் செட் பூட்டுமுன் கணக்குப் பாருங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நம்மவர்கள் பலர் பழைய வாகனத்தையே திருத்தி, அழகுபடுத்தி ஓட்டப் பழகிக்கொண்டார்கள். அப்படிச் செய்யும் செலவுகளில் ஒன்று கார் செட். இதில் காசு எங்கே வீணாகிறது என்பதை ஒரு வியாபாரியாகச் சொல்ல விரும்புகிறேன்.

கடைக்கு வரும் இளைஞர்களின் முதல் கேள்வி, "நானா, எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். அம்ப்ளிபயர் பெட்டியில் 1500 வாட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி விலை பேசாதீர்கள். ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிடப்படும் தொடர்ச்சியான அளவைத் தேடுங்கள். சந்தேகமென்றால் அதிலுள்ள பியூஸைப் பாருங்கள். 30 அம்பியர் என்றால், வாகனம் ஓடும்போதுள்ள சுமார் 14 வோல்டால் பெருக்குங்கள். வருவது 420 வாட்ஸ். தொடர்ச்சியாக உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான், அதிலும் ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். 420 முதல் போட்டு 1500 எடுக்கும் வியாபாரம் எங்கே இருக்கிறது?

செலவை வரிசைப்படி செய்யுங்கள். முதலில் முன்கதவு ஸ்பீக்கர்கள். வாங்கும்போது அதன் சென்சிட்டிவிட்டியைக் கேளுங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்ஸிலேயே தந்துவிடும்.

அடுத்தது கதவு. மெல்லிய தகடும் உள்ளிருக்கும் ஓட்டைகளும் நல்ல ஸ்பீக்கரையும் கெடுத்துவிடும். ஓட்டைகளை மூடி, அதிர்வைத் தடுக்கும் ஷீட் ஒட்டினால் நடுங்கும் சத்தம் குறையும், பேஸும் திருந்தும். வெளியே தெரியாத வேலை என்பதால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். குறைந்த செலவில் கூடிய பயன் இதில்தான் இருக்கிறது.

அம்ப்ளிபயர் மூன்றாவது. சப்வூபர் கடைசி. சுமார் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை மட்டும் அதற்குக் கொடுங்கள். பின்னால் ஒரு பெட்டி தனியாக அதிர்கிறது என்று காதுக்குப் பட்டால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

வயரில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் பூசிய வயர்களும் சந்தையில் உண்டு. முழுச் செம்பு வயரையே கேட்டு வாங்குங்கள். பற்றரியிலிருந்து வரும் வயரில், பற்றரிக்கு ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அது இல்லாமல் வயர் உரசித் தகட்டில் பட்டால் வாகனமே தீப்பிடிக்கலாம்.

காசு கொடுக்குமுன் உங்களுக்கு நன்கு பழகிய ஒரு குரலைப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, முன்பக்கமிருந்து வந்தால் வேலை சரி. பில்லில் பொருளின் மாதிரி இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்க மறக்காதீர்கள்.