கண்ணுக்குள் பிடிக்கும் துரு

நம் சங்கத்து அன்பர்களில் ஐம்பதைத் தாண்டிய இருவர் சந்தித்தால், பிள்ளைகளின் வேலை, சர்க்கரை அளவு, அடுத்தது கண் என்ற வரிசையில்தான் பேச்சு போகிறது. அண்மையில் அல்சூர் ஏரிப் பக்கம் நடக்க வந்த நண்பர் ஒருவர், கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' மாத்திரை விழுங்கி வருவதாகச் சொன்னார். "உள்ளே துருப்பிடிக்காமல் தடுக்குமாம் சார். துருவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?" என்றார். ரயில்வேயில் தண்டவாளத்தோடும் பாலத்தோடும் காலம் தள்ளியவன் நான். துரு என்றதும் சும்மா இருப்பேனா? படித்தும், டாக்டர்களைக் கேட்டும் அறிந்ததை எழுதுகிறேன்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. கண்ணின் லென்ஸில் ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. குளூக்கோஸ் அதற்குள் நுழைய இன்சுலினின் தயவு தேவையில்லை. எனவே ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் லென்ஸிலும் ஏறும். அங்கே ஒரு நொதி அதில் ஒரு பங்கைச் சார்பிடால் என்ற பொருளாக மாற்றுகிறது. இது எளிதில் வெளியேறாது. தண்ணீரை உள்ளே இழுக்கும். சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் கண்ணாடியின் பவர் மாறியதுபோலத் தோன்றுவது லென்ஸில் நீர் கூடிக் குறைவதால்தான். (அப்போது கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபின் போனால் பணமாவது மிஞ்சும்.)

இனிமேல்தான் துரு வருகிறது. இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசுகிறோம் அல்லவா? துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். லென்ஸில் அந்த வேலையைப் பார்ப்பது குளூட்டதயோன். செலவான குளூட்டதயோனைப் புதுப்பிக்க என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் வேண்டும். சார்பிடாலைத் தயாரிக்கும் நொதியும் அதையே எடுத்துச் செலவழிக்கிறது. ஒரே கிடங்கில் இரண்டு பேர் சரக்கு எடுத்தால் என்ன ஆகும்? காவல் குறைகிறது; லென்ஸின் புரதங்கள் ஆக்ஸிஜனேற்றத்தால் கெட்டு, ஒன்றோடொன்று ஒட்டி, ஒளியைச் சிதறடிக்கின்றன. தேய்ந்த தண்டவாளத்தை மாற்றிவிடலாம். லென்ஸின் நடுப்பகுதியோ நாம் பிறப்பதற்கு முன்பே உருவானது; உடல் அதை மாற்றுவதே இல்லை.

அப்படியானால் மாத்திரை உதவ வேண்டுமே? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர்கள் பங்கேற்ற ஆய்வில், கிராமத்து மக்களில் ஒரு பிரிவினருக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் சி, ஈயும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் ஐந்து ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் முடிவு வெளியாயிற்று: புரை வளர்வதில் வித்தியாசம் இல்லை. அது சர்க்கரை நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்ததல்ல. ஆனாலும், சத்துக் குறைந்த உணவு உண்பவர்களுக்கே பயன்படாத மாத்திரைக்கு நாம் ஏன் பென்ஷன் பணத்தைக் கொட்ட வேண்டும்?

பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்ட கணக்கு வேறு வழி காட்டுகிறது. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஒரு சதவீதம் குறைவாக இருந்தவர்களிடம் கண்புரை ஆபரேஷன் 19 சதவீதம் குறைவாக இருந்தது.

முற்றிய புரை தானாகக் கரையாது, ஆபரேஷன்தான் வழி. அதைத் தள்ளிப்போடுவதில் நம்மவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சர்க்கரை விழித்திரையையும் கெடுக்கும். புரை தடித்துவிட்டால் பின்னாலுள்ள விழித்திரை டாக்டர் கண்ணுக்குத் தெரியாது. லேசர் சிகிச்சைக்கும் இடைஞ்சல். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆனபிறகும் வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், பார்வை தெளிவாக இருந்தாலும் சரி.

நம் நகரில் 1896-ல் தொடங்கிய மின்டோ அரசு கண் மருத்துவமனை சிட்டி மார்க்கெட் அருகிலேயே இருக்கிறது. கன்னடம் தெரியாதே என்று தயங்கும் ஊர்ப் பெரியவர்களோடு பிள்ளைகள் யாராவது போகலாம். எப்படியும் துணை வேண்டும். பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அன்று ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.