பெயரா, பாடமா?

உயர்தரத்தின் பின் பிரித்தானியாவில் சட்டம் படிப்பது என் ஆசை. நான் பார்த்து வைத்திருப்பது நியூகாசில் நகரிலுள்ள நோர்தம்பிரியா பல்கலைக்கழகத்தை. “கேள்விப்படாத பேரா இருக்கே மகள்” என்றார் வாப்பா. அவருக்குச் சொன்ன விளக்கமே இது.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் புகழ் பெற்றவைதாம். ஆனால் ஒப்பந்தம், குற்றவியல், காணி, அரசியலமைப்பு என அடிப்படைச் சட்டப் பாடங்கள் எங்கும் அவையேதான். பின்னர் இங்கிலாந்தில் சொலிசிட்டராவதற்கு, 2021இல் தொடங்கிய பொதுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதன் முதற்கட்டத்தில் 360 வினாக்கள்; அந்தப் பரீட்சை எல்லோருக்கும் பொதுவானது.

நோர்தம்பிரியா 1992இல்தான் பல்கலைக்கழகமானது. எனினும், அங்குள்ள மாணவர் சட்ட அலுவலகத்தில், சட்டத்தரணிகளின் மேற்பார்வையில் மாணவர்களே பொதுமக்களுக்கு இலவசமாக ஆலோசனை வழங்குகிறார்கள். புத்தகத்தில் படித்த சட்டம் ஒரு மனிதரின் பிரச்சினையாக எதிரே வந்து அமரும். என்னைக் கவர்ந்தது அதுதான்.

ஒன்றை மறக்கக்கூடாது. நாடு திரும்பிச் சட்டத்தரணியாவதற்குப் புதுக்கடையிலுள்ள சட்டக் கல்லூரியின் பரீட்சைகளும் உண்டு. நமது பட்டம் அங்கு ஏற்கப்படுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டறிய வேண்டும்.

எல்லாம் கேட்ட வாப்பா, “பேரு கிடக்கட்டும், காசு எவ்வளவு?” என்றார். அந்தக் கணக்கைத்தான் இப்போது இருவரும் கொப்பியில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.