ஒருவர் ஆடிய உலகில் ஊரே புகுந்தபோது

கதைப் புத்தகம் படிப்பது தனிமையில் செய்யும் காரியம். நாம் மூடினால் கதை நிற்கும், திறந்தால் தொடரும். கணிப்பொறியில் ஆடும் கதை விளையாட்டுகளும் நெடுங்காலம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. ஆடுபவரே கதாநாயகர். அவர் உறங்கப் போனால் அந்நாட்டு அரசனும் அசையாமல் காத்து நிற்பான். செய்தது பிசகிவிட்டால், முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் ஆடலாம். இப்படிப்பட்ட ஓர் உலகின் கதவைத் திறந்து, பல்லாயிரம் பேரை ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் என்ன ஆகும்? 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார்கள். 'அல்டிமா' என்னும் விளையாட்டு வரிசையின் வரலாறு அது.

அல்டிமாவைப் படைத்தவர் ரிச்சர்ட் கேரியட் என்பவர். முதல் பகுதி 1981-இல் வெளிவந்தது. 1983-இல் மூன்றாம் பகுதி வந்தபின், ஆடியவர்கள் எழுதிய கடிதங்களை அவர் படித்தார். கடைக்காரனைக் கொன்று பொருளை எடுத்துக்கொண்டோம், ஊராரைக் கொள்ளையடித்தோம் என்ற விதமாகப் பலர் எழுதியிருந்தார்கள். கதாநாயகனே இப்படி நடந்தால் அவன் என்ன நாயகன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1985-இல் வெளிவந்த நான்காம் பகுதியில், இறுதியில் கொல்வதற்கென்று ஒரு பெரிய அரக்கனே இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், தாழ்ச்சி ஆகிய எட்டு நற்பண்புகளிலும் தேறி, 'அவதார்' என்னும் நிலையை அடைவதே குறிக்கோள்.

ஒரு பொறி நம் நற்பண்பை எப்படி அளக்கும் என்று தோழியர் கேட்கலாம். அதுதான் இதில் மிகச் சுவையான பகுதி. மந்திரத்துக்கு வேண்டிய மூலிகைகளை விற்கும் கடைக்காரர் பார்வையற்றவர். எவ்வளவு பணம் தருகிறோம் என்பதை நாமே எண்ணி வைக்கவேண்டும். குறைத்து வைத்தாலும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பொருள் கைக்கு வந்துவிடும். ஆனால் கணிப்பொறி மறைவாக நேர்மையின் கணக்கில் கழித்துக்கொள்ளும். பிச்சை கேட்பவருக்குக் காசு கொடுத்தால் இரக்கம் கூடும். போரில் புறமுதுகு காட்டினால் வீரம் குறையும். வைத்தியரிடம் இரத்ததானம் செய்தால் தியாகம் உயரும். பெருமை பேசினால் தாழ்ச்சி போயிற்று! எவ்வளவு சேர்ந்தது என்ற எண்ணை அது நமக்குக் காட்டுவதும் இல்லை. தேர்வுத்தாளைத் திருத்திவிட்டு மதிப்பெண்ணைச் சொல்லாமல் வைத்திருக்கும் ஆசிரியையைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டை நேசித்தவர்கள் தங்கள் பிரிட்டானியா நாட்டில் நண்பர்களோடு சேர்ந்து நடக்க ஆசைப்பட்டார்கள். தொலைபேசிக் கம்பி வழியே வீட்டுக் கணிப்பொறிகள் இணையத்தில் சேரத் தொடங்கிய காலம் அது. கேரியட்டின் ஆரிஜின் நிறுவனம், அதை வாங்கியிருந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் இந்த வேலையில் இறங்கியது. சோதனைத் தட்டு ஐந்து டாலர் என்று அறிவித்ததும் சுமார் 50,000 பேர் பணம் கட்ட முன்வந்தார்களாம். 1997 செப்டம்பரில் 'அல்டிமா ஆன்லைன்' தொடங்கியது. மாதக் கட்டணம் ஏறத்தாழ பத்து டாலர்.

முதலில் எழுந்த சிக்கல் இடப் பற்றாக்குறை. ஒரே கணிப்பொறித் தொகுதியால் அத்தனை பேரையும் தாங்க முடியாது. சில ஆயிரம் பேருக்கு ஒன்றாகப் பல தொகுதிகள் தேவைப்பட்டன. அப்படியானால் பிரிட்டானியாவும் பலவாக அல்லவா இருக்கும்? அதற்கு ஒரு கதையைக் கண்டுபிடித்தார்கள். முதல் பகுதியில் மாண்டெய்ன் என்ற தீய மந்திரவாதியின் மணிக்கல் உடைக்கப்பட்டதே, அதன் ஒவ்வொரு சில்லிலும் உலகின் ஒரு பிரதி தங்கிவிட்டதாம்! பொறியின் குறையைக் கதையே மூடியது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்த சிக்கலைக் கதையால் மூட முடியவில்லை. பத்தாயிரம் பேரும் அவதார் ஆக முடியாது. ஒரு நாட்டை ஒருவன்தான் காப்பாற்ற முடியும். ஆகவே எல்லாரும் குடிமக்கள் என்றார்கள். இங்கே உலகம் யாருக்காகவும் நிற்பதில்லை. நாம் உறங்கும்போதும் அங்கே பொழுது நகர்கிறது. சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போவதும் கிடையாது.

ஆகஸ்டில் சோதனை ஓட்டம் நடந்தபோதே ஒரு விபரீதம் நடந்தது. கேரியட் தாமே 'லார்ட் பிரிட்டிஷ்' என்னும் அரசராக மக்கள் முன் தோன்றினார். யாரும் தம்மைக் கொல்ல முடியாதபடி செய்யும் ஏற்பாட்டை அன்று இயக்க மறந்துவிட்டார். ஓர் ஆட்டக்காரர் நெருப்பு மந்திரத்தை வீச, அரசர் மாண்டு விழுந்தார்! நற்பண்புகளின் நாட்டில் முதல் பேர்பெற்ற செயல் அரசக் கொலை.

காட்டிலும் அப்படியே. புல்லை மேயும் விலங்கு, அதை உண்ணும் ஓநாய் என்று இயற்கையின் சங்கிலி ஒன்றை வெகு நுட்பமாக அமைத்திருந்தார்கள். ஆனால் பிறக்கும் வேகத்தைவிட மக்கள் வேட்டையாடும் வேகம் அதிகமாக இருந்தது. கடைசியில் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

மனிதரும் வேட்டையாடப்பட்டார்கள். நகரத்துக்குள் "காவலர்!" என்று எழுதினால் காவலர் தோன்றிக் குற்றவாளியை அக்கணமே வெட்டுவர். ஆகவே கொள்ளையர் நகர எல்லைக்குச் சற்று வெளியே காத்திருந்தார்கள். புதிதாக வந்து சட்டையும் கத்தியும் சேர்த்தவர் வெளியே கால் வைத்ததும் கொல்லப்படுவார். இறந்தவர் ஆவியாகி அலைவார். அவர் என்ன பேசினாலும் மற்றவர்க்கு 'ஊ ஊ' என்றுதான் கேட்கும். பணம் கட்டி உள்ளே வந்து இப்படி ஊளையிட நேர்ந்தவர்கள் பலர் விளையாட்டையே விட்டுப் போனார்கள்.

முன்பு பார்வையற்ற கடைக்காரரை ஏமாற்றியபோது யாருக்கும் நோகவில்லை; அவர் வெறும் கணக்கு. இப்போது ஏமாந்தவர் எங்கோ ஓர் ஊரில், விளக்கின் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். நன்மையைக் கணக்கிடத் தெரிந்த பொறிக்கு, கெட்டிக்காரத் தீயோரைப் பிடிக்கத் தெரியவில்லை. குற்றமற்றவர் பெயர் நீலம், குற்றம் செய்தவர் சாம்பல், ஐந்து கொலை செய்தவர் சிவப்பு என்று நிறம் தீட்டிப் பார்த்தார்கள். விதியின் சந்துகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே சிலருக்கு ஆட்டமாயிற்று. இறுதியாக 2000-ஆம் ஆண்டு நாட்டையே இரண்டாக்கினார்கள். ஃபெலூக்கா என்னும் பழைய நிலத்தில் பழைய ஆபத்து அப்படியே இருக்கும். ட்ரம்மல் என்னும் புதிய நிலத்தில் சம்மதமின்றி ஒருவரை ஒருவர் தாக்க முடியாது. பெரும்பாலோர் ட்ரம்மலுக்கே குடிபெயர்ந்தார்கள். சாதுவான உலகில் வீரத்துக்கு என்ன வேலை என்று குறைபட்டவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் எங்களைக் கேட்டால் நாங்களும் ட்ரம்மலுக்குத்தான் போயிருப்போம்.

கொள்ளையை மட்டும் சொன்னால் அந்த நாட்டுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். ரொட்டி சுடுவதையும் துணி தைப்பதையும் மீன் பிடிப்பதையுமே தொழிலாகக் கொண்டு, வாளைத் தொடாமல் வாழ்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள், திருமணங்கள் நடத்தினார்கள். வழிப்பறிக்கு அஞ்சியவர்கள் கூட்டமாகச் சேர்ந்து பயணம் செய்தார்கள். யாரும் எழுதி வைக்காத கதைகள் இவை.

பின்னால் வந்தவர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். 2014-இல் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசை இணையத்துக்கு வந்தபோது, உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் நீயே உலகை மீட்க வந்தவன் என்று கதை சொல்லியது. பக்கத்தில் நிற்பவரிடமும் அதையே சொல்லியது! ஜப்பானின் 'ஃபைனல் ஃபேண்டஸி' வரிசையில் பதினான்காம் பகுதி 2010-இல் வந்து பெயரைக் கெடுத்துக்கொண்டது. 2012 நவம்பரில் வானிலிருந்து ஒரு நிலவை விழச் செய்து அந்த உலகையே முடித்துவிட்டு, 2013 ஆகஸ்டில் புதிதாகத் திறந்தார்கள்.

அல்டிமாவின் தனியாள் வரிசை 1999-இல் ஒன்பதாம் பகுதியோடு முடிந்தது. 2004-இல் ஆரிஜின் நிறுவனமும் மூடப்பட்டது. அல்டிமா ஆன்லைன் வேறு கைகளுக்கு மாறி, 25 ஆண்டுகளைக் கடந்தும் நடந்து வந்திருக்கிறது. ஃபெலூக்காவும் ட்ரம்மலும் அதில் தனித்தனி நிலங்களாகவே இருக்கின்றன.