நியமனம் வரும்வரை

கண்டி மாவட்டத்து மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பட்டம் முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் கேட்கும் கேள்வி, "இன்னும் நியமனம் வரல்லையா?" என்பதுதான். நியமனம் என்றால் அரச நியமனம். ஓய்வூதியமும் மரியாதையும் உள்ள, லயத்தைவிட்டு வெளியே வர வழிகாட்டிய உத்தியோகம் அது. மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு ஆசிரிய நியமனத்தால்தான் நிமிர்ந்தன. அந்த எதிர்பார்ப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதை மட்டும் நம்பி வீட்டில் காத்திருப்பது இன்று ஆபத்து.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. இருக்கிற ஊழியர்களையே சம்பளமில்லா லீவில் வெளிநாட்டுக்குப் போக அனுமதித்த அரசு, புதியவர்களை அப்போது எங்கிருந்து எடுத்திருக்கும்?

தனியார் துறையிலும் இதே கதைதான். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஆட்குறைப்புக்காக ஒருவரை நிறுத்த, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அதனால் செலவைக் குறைக்க நினைக்கும் முதலாளி முதலில் செய்வது புதிய ஆள் எடுப்பதை நிறுத்துவதுதான். நெருக்கடியின் பாரம் இப்படித்தான் வாசலில் நிற்பவர் தலையில் விழுகிறது. உங்கள் விண்ணப்பங்களுக்குப் பதில் வராததற்கு உங்கள் பட்டம் மட்டமானது என்று அர்த்தமில்லை.

இப்படிப்பட்ட காலத்தில் பட்டம் பெற்றவர் பிறகு எழ முடியுமா? கனடாவில் 1976 முதல் 1995 வரை பட்டம் பெற்ற ஆண்களின் வருமானத்தைப் பொருளியலாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். பொருளாதார மந்த காலத்தில் படிப்பு முடித்து வெளியே வந்தவர்கள் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. மறைந்ததற்கு முக்கியக் காரணம், கிடைத்த சின்ன இடத்தில் தொடங்கி நல்ல நிறுவனத்துக்கு மாறிக்கொண்டதுதான். கனடா வேறு, கண்டி வேறு. ஆனாலும் கிடைத்த படியில் கால் வைத்தவருக்கே அடுத்த படி எட்டுகிறது.

ஆனால் அந்தப் படி உறுதியாக இருக்க வேண்டும். கண்டியில் கடையோ, கொழும்பில் அலுவலகமோ, நியமனக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி தன் பங்காக 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். 40,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்கள் 3,200 ரூபாயோடு முதலாளியின் 6,000 ரூபாயும் சேர்கிறது. "தகுதிகாண் காலம் முடியட்டும், பிறகு ஈ.பி.எஃப். போடுறோம்" என்பார்கள். அப்படியொரு சலுகை சட்டத்தில் இல்லை. முதல் நாளிலிருந்தே அது உங்கள் உரிமை. மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

இன்னொன்று, விலாசம். தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகம் சுற்றிக் கைக்கு வருவதற்குள் நேர்முகப் பரீட்சை முடிந்துவிடுவதுண்டு. விண்ணப்பத்தில் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தவறாமல் எழுதுங்கள். பட்டணத்தில் நம்பிக்கையான உறவினர் இருந்தால் அவர் முகவரியைக் கொடுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே அரச வேலை அறிவித்தல்களை வர்த்தமானியில் பார்க்கலாம், போட்டிப் பரீட்சை எழுதலாம். சிங்களத்தில் தடையில்லாமல் பேசவும் எழுதவும் பழகிக்கொள்வது கண்டியில் எந்தச் சான்றிதழுக்கும் குறையாத பலன் தரும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "இவ்வளவு படிச்சிட்டுக் கடைக்கா போற?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நெருக்கடியை உங்கள் பிள்ளை உண்டாக்கவில்லை. விடியற்காலை வத்தேகம பஸ்ஸுக்குப் புறப்படுகிற பிள்ளைக்கு ஒரு கோப்பை தேநீரைக் கொடுத்து, போய் வா என்று சொல்லி அனுப்புங்கள்.