துருவிக் கேட்காதிருக்க ஒரு பயிற்சி

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளைத் தாண்டினால் நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். அங்கே வேலை செய்வோரில் மியன்மாரிலிருந்து தப்பி வந்த சின் இனத்தவரும் உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. குடிநுழைவுச் சட்டத்தின் கண்ணில் அகதியும் அனுமதியின்றி நுழைந்தவரும் ஒன்றுதான். அகதிப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. தொண்டர்கள் நடத்தும் கற்றல் மையம்தான் கதி. பெற்றோரின்றித் தனியே வந்த பிள்ளை அன்றாடம் பார்ப்பது அங்குள்ள ஆசிரியரையும் சமையற்காரரையும்தான், மனநல மருத்துவரை அல்ல. ஆகவே பயிற்சி இவர்களுக்குத்தான் தேவை. எதைக் கற்றுத்தருவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

எது பலன் தரும் என்பதற்கான சான்று தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தே கிடைத்திருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், வடகிழக்கு இலங்கை முகாமொன்றில் 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். பட்ட அனுபவத்தை வரிசையாகச் சொல்லவைத்த பிரிவில் ஆறு மாதத்துக்குப் பின் 81 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள்; தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற பிரிவில் 71. மருத்துவர் அல்லாதவராலும் முடியும் என்று மகிழலாம். ஆனால் எண்ணிக்கை சிறியது. சிகிச்சையே பெறாத பிரிவும் ஒப்பிட இல்லை. 2012இல் வெளியான பெரிய ஆய்வு நம்மை நிதானிக்க வைக்கிறது. வட இலங்கைப் பள்ளிகளில் 399 பிள்ளைகள், 15 அமர்வுகள். முதன்மையாக எதிர்பார்த்த பலன் ஒட்டுமொத்தமாகக் கிட்டவில்லை. சிறுவர்கள் ஓரளவு தேறினார்கள். அமர்வுகளில் கலந்துகொண்ட சிறுமிகளோ, காத்திருப்புப் பட்டியலில் இருந்த சிறுமிகளைவிடக் குறைவாகவே தேறினார்கள். போர்சார்ந்த நெருக்கடி அன்றாடம் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே பலன் கூடுதல். வெளியே அச்சம் தொடரும்போது, பழைய காயத்தைப் பொதுவில் கிளறுவது எல்லாருக்கும் மருந்தாகாது.

ஆகவே பயிற்சியில் முதலிடம் துருவிக் கேட்காதிருப்பதற்குத்தான். வாசலில் லாரி நின்ற சத்தத்துக்கு மேசைக்கடியில் ஒளிகிற பிள்ளையிடம் "ஊரில் என்ன நடந்தது?" என்று கேட்கக் கூடாது; வந்தது யார் என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, அது வெளியே வந்ததும் பாடத்தைத் தொடர வேண்டும். அதுவாகப் பேசினால் காதுகொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் சாப்பாடு, மாறாத முகங்கள்: ஆயாக் கொட்டகை என்ற தோட்டக் குழந்தைக் காப்பகத்தில் வளர்ந்த தோட்டப்புறத் தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். லண்டனில் நடந்து 2008இல் வெளியான ஆய்விலும், ஆதரவு குறைந்த இடங்களில் தங்கிய, தனியே வந்த பிள்ளைகளிடமே மனவடு அறிகுறிகள் மிகுதி.

அரைகுறைப் பயிற்சி ஆபத்து, நிபுணரிடம் விட்டுவிடுங்கள் என்பார்கள். ஆபத்து உண்மைதான். ஆனால் அரசு மருத்துவமனையில் ஐ.நா. அகதி அட்டைக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதிதான் தள்ளுபடி. மீதிப் பாதியே குருவி தலையில் பனங்காய். போதாக்குறைக்கு, மனநல மருத்துவமனை இருப்பதால், ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊரின் பெயரையே நாம் கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், வாரக்கணக்கில் தூங்காவிட்டால், நிபுணரிடம் அனுப்பியே ஆக வேண்டும். அதை அடையாளம் காண்பதும் பயிற்சியில் அடங்கும். கைதாகும் பயம் தீராமல் பயிற்சியால் என்ன பயன் என்ற கேள்வி இன்னும் கனமானது. பயிற்சி அந்தப் பயத்தைப் போக்காது. அதனால்தான் அகதி அட்டைக்கு எங்கே போவது, பிள்ளை பிடிபட்டால் யாரை அழைப்பது என்பதும் பாடமாக வேண்டும். இரண்டு நாள் பட்டறையும் சான்றிதழும் இதற்குப் போதாது. ஊழியர் வாரந்தோறும் தொலைபேசியில் கலந்துபேச ஒரு நிபுணருக்கும் செலவுக் கணக்கில் இடம் ஒதுக்க வேண்டும்.