வான்கோழி எலும்பும் இருபது ஆண்டு வேதியியலும்

வடசேரிப் பட்டறைகளில் உருவாகும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளியில் கெம்புக் கற்களைப் பதித்து, அவற்றைச் சுற்றித் தங்கத் தாளை ஏற்றி, சாமி சிலைக்கும் பரதநாட்டிய மேடைக்கும் அனுப்பும் நுணுக்க வேலை அது. உலகின் முதல் லேசர் பிறந்ததும் ஒரு சிவப்புக் கல்லில்தான். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவின் ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன் ஒளிரவைத்தது, செயற்கை மாணிக்கத்தில் செய்த ஒரு சிறிய உருளையை. இன்று லேசர் நகைத் தொழிலுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பற்றவைப்புக்கு லேசர் இயந்திரம் உண்டு. தங்க நகையின் உட்புறத்தில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் அடையாளத்தைப் பொறிப்பதும் லேசர்தான். பொடி வைத்து ஊதுகிற ஆசாரியின் தீ செய்ததைத்தான் இங்கே லேசரும் செய்கிறது: உலோகத்தைச் சூடாக்குகிறது, உருக்குகிறது. ஆனால் மூக்குக் கண்ணாடியிலிருந்து விடுபடலாம் என்று லாசிக் சிகிச்சைக்குப் போகிறவரின் கண்ணில் விழுகிற லேசர் அப்படி வேலை செய்வதில்லை. அது திசுவைப் பொசுக்காமல் அகற்றுகிறது. அப்படி அகற்ற முடியும் என்று காட்டிய மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வான்கோழியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள் விருந்து முடிந்தது; மிஞ்சிய எலும்பை ஆய்வகத்துக்கு எடுத்துவந்தார்; லேசரைக் காட்டினார்; கண் சிகிச்சை பிறந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை மாதிரி இது சொல்லப்படுகிறது. கதையில் வரும் நிகழ்ச்சி உண்மை. அதற்குக் கொடுக்கப்படும் பொருள்தான் தவறு. கண்டுபிடிப்பின் கடினமான பகுதி அந்த வான்கோழிக்கு முன்பே முடிந்திருந்தது என்பது என் வாதம். அது முடிந்திருந்ததற்குக் காரணம், லேசர் கருவியை உருவாக்கும் கூட்டத்தில் சீனிவாசன் இல்லாமல் இருந்ததே.

1929 பிப்ரவரி 28 அன்று பிறந்தவர் அவர். ராமன் விளைவு கண்டறியப்பட்டு சரியாக ஓராண்டு கழித்து வந்த நாள் என்பது சுவையான தற்செயல்; அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 1949-இல் பி.எஸ்சி., 1950-இல் எம்.எஸ்சி. முடித்து அமெரிக்கா சென்றவர், 1956-இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இயற்பிய வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். கால்டெக்கிலும் ராச்செஸ்டரிலும் ஆய்வு செய்துவிட்டு, 1961-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். 1990-இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். கணினி செய்கிற நிறுவனத்துக்கு ஒளிவேதியியலாளர் எதற்கு என்று கேட்கலாம். சிலிக்கான் சில்லில் மின்சுற்றுகளை வரைவதே ஒளி பட்டால் மாறுகிற ஒரு பூச்சைக் கொண்டுதான். ஆகவே ஒளி ஒரு மூலக்கூறை என்ன செய்யும் என்ற கேள்வி, அந்த நிறுவனத்துக்கு வியாபாரக் கேள்வியும்கூட.

அந்தக் கேள்வியோடு சீனிவாசன் இருபது ஆண்டுகள் மல்லுக்கட்டினார். இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட மூலக்கூறுகள் ஒளி பட்டு வளையமாக மூடிக்கொள்ளும்போது ஐந்து அணு வளையத்தையே முதலில் நாடுகின்றன என்ற 'ஐந்தின் விதி'யை 1967-இல் அவரும் கார்லோவும் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் லியூ, ஹாமண்ட் இருவரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். 1970-களின் கடைசியில் அவர் கவனம் இன்னும் குறைந்த அலைநீளத்துக்கு நகர்ந்தது. பாதரச விளக்கிலிருந்து வரும் 185 நானோமீட்டர் புற ஊதா ஒளியின் ஒவ்வொரு துகளும் 6.7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் சுமக்கிறது. கரிம மூலக்கூறுகளில் கார்பன் அணுக்களைக் கட்டிப்போட்டிருக்கும் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 3.6 போதும். அதாவது ஒரே ஒரு ஒளித்துகள் ஒரு பிணைப்பை அறுத்துவிட்டு மிச்சமும் வைத்திருக்கும். இதை லேசர் இல்லாமல், விளக்கை வைத்தே அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு நடந்தது எதுவும் அதிசயமாகத் தோன்றாது.

அப்போதுதான் ஆர்கான் ஃபுளோரைடு எக்சைமர் லேசர் வந்து சேர்ந்தது. அதன் அலைநீளம் 193 நானோமீட்டர், துகளுக்கு 6.4 எலக்ட்ரான் வோல்ட். விளக்கிலிருந்து ஒழுகி வந்த அதே வகை ஒளி, இப்போது வினாடியில் பத்துக் கோடியில் ஒன்றிரண்டு பங்கே நீடிக்கிற துடிப்புகளாக, பெரும் செறிவோடு கிடைத்தது. தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பெட் நெகிழியின் மெல்லிய தாளில் சீனிவாசனும் வெரோனிகா மேயின்-பான்டனும் அதைச் செலுத்தினார்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டும் நெகிழி காணாமல் போனது. வழக்கமாகப் புகைப்படத் தகட்டைக் கழுவுவது போன்ற ரசாயனக் கழுவல் வேண்டியிருக்கும். இங்கே அது தேவைப்படவில்லை. பிணைப்புகள் நொறுங்கி, சிறு சிறு துண்டுகளாக மேற்பரப்பிலிருந்து வெளியே பாய்ந்துவிட்டன. பள்ளத்தின் விளிம்பு உருகவும் இல்லை, கருகவும் இல்லை. 1982-இல் 'அப்ளைடு ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் இந்த வேலை கட்டுரையாக வந்தது. ஒளியால் சிதைந்து அகலுதல் என்ற பொருளில் இந்த நிகழ்வுக்கு ஒரு பெயரும் சூட்டினார் அவர்.

இனி வான்கோழி. சீனிவாசன் இருந்த குழுவை நடத்தியவர் இயற்பியலாளர் ஜேம்ஸ் வின். மூன்றாமவர் சாமுவேல் பிளம். நெகிழியில் நடப்பது உயிர்த் திசுவிலும் நடக்குமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நெகிழியும் புரதமும் கார்பன் சங்கிலிகளே என்பதால், ஒளிவேதியியல் அறிந்தவருக்கு இது இயல்பான அடுத்த படி. 1981 நவம்பர் 27 அன்று, விருந்துக்கு மறுநாள், சீனிவாசன் மிச்சத்தைக் கொண்டுவந்தார். குருத்தெலும்பில் 193 நானோமீட்டர் துடிப்புகள் நேர்த்தியான வெட்டுகளை உண்டாக்கின. ஒப்பீட்டுக்காக 532 நானோமீட்டர் பச்சை லேசரையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். அது திசுவைக் கருக்கியது. மனிதத் தலைமுடி ஒன்றில் வரிசையாகப் பள்ளம் வெட்டி எடுத்த நுண்ணோக்கிப் படம் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. முடியின் மீதிப் பகுதி தொட்ட சுவடே இல்லாமல் நிற்கும்.

தற்செயல் என்று சொல்பவர்கள் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுப் பார்க்கிறவர் எலும்பைப் பச்சை லேசரிலும் காட்டி வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள மாட்டார். பச்சை ஒளித்துகளிடம் இருப்பது 2.3 எலக்ட்ரான் வோல்ட். அதனால் பிணைப்பை அறுக்க இயலாது. திசுவுக்குள் ஆழமாகப் போய் வெப்பமாக மாறுவதுதான் அதற்கு வழி. 193 நானோமீட்டர் ஒளியோ மேல்மட்டத்தில், ஒரு மைக்ரான் அளவுக்குள்ளேயே முழுவதும் விழுங்கப்பட்டுவிடுகிறது. துடிப்பு நீடிக்கும் நேரத்தில் திசுவில் வெப்பம் நகரக்கூடிய தூரம் மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே சூடான துண்டுகள் சூட்டையும் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகின்றன. எந்த நிறம் வெட்டும், எந்த நிறம் சுடும் என்பதை முன்கூட்டியே கணக்கிடக்கூடியவர் செய்த சோதனை அது. விருந்து மிச்சம் தற்செயல், கேள்வி அல்ல.

கருவியை உண்டாக்கியவர்களுக்கு அல்லவா பெருமை போக வேண்டும் என்று ஒருவர் மறுக்கலாம். எக்சைமர் லேசரை 1970-இல் மாஸ்கோவில் பாசோவ் குழுவினர் திரவ செனானில் முதலில் காட்டினார்கள். வங்காளத்தில் பிறந்த மணி பௌமிக் 1973-இல் நார்த்ராப் நிறுவனத்திலிருந்து இந்தத் துறையில் முக்கியமான ஓர் அறிவிப்பைச் செய்தார். லாசிக்கின் தந்தை அவரே என்று நம் ஊடகங்களில் அடிக்கடி வருவதற்கு இதுவே மூலம். கருவியாளர்களின் பங்கு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் எக்சைமர் லேசர் வந்தபின் ஏறக்குறைய பத்தாண்டுகள் யாரும் அதைக் கத்தியாகப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அதன் சக்தி எவ்வளவு, திறன் எத்தனை விழுக்காடு என்பவையே கேள்விகள். ஒளிக்கற்றையின் மறுமுனையில் இருக்கும் பொருளுக்கு என்ன நேர்கிறது என்பது வேதியியலாளரின் கேள்வி. லேசர் முன்னோடிகள் பட்டியலில் ஒரு வேதியியலாளரைச் சேர்ப்பது துறைக் கலப்படம் என்று தோன்றினால், அந்தப் பட்டியல் கற்றையின் ஒரு முனையை மட்டும் பார்த்து எழுதப்பட்டது என்றே சொல்வேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. எலும்பிலும் முடியிலும் வெட்டியது சரி, கண்ணை நினைத்தது யார்? ஜான் டபோடா என்ற அமெரிக்க விமானப்படை ஆய்வாளர், கருவிழியின் மேலடுக்கை எக்சைமர் ஒளி எப்படிப் பாதிக்கிறது என்று 1981-லேயே அறிக்கை தந்திருந்தார். கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் 1983-இல் சீனிவாசனின் ஆய்வகத்துக்கு வந்து, போடில் பிராரன் உட்பட மூவருமாக மாட்டுக் கண்களில் சோதித்து, அதே ஆண்டு இறுதியில் கட்டுரை வெளியிட்டார்கள். பார்வையுள்ள மனிதக் கண்ணில் 1988-இல் முதலில் சிகிச்சை செய்தவர் மார்கரீட் மெக்டொனால்ட். கருவிழியில் மெல்லிய மடலைத் தூக்கி அதன் கீழே லேசரைச் செலுத்தும் லாசிக் முறைக்குக் கிரேக்க மருத்துவர் யோவானிஸ் பாலிகாரிஸின் பெயர் உண்டு. ஆகவே 'லாசிக்கைக் கண்டுபிடித்த தமிழர்' என்ற தலைப்பை நான் ஏற்க மாட்டேன். சீனிவாசனுக்கு அந்த மிகை தேவையும் இல்லை. அவருடைய உரிமை, இந்தச் சிகிச்சை சாத்தியமாகக் காரணமான நிகழ்வின் மீது. அறுவை, பல் சிகிச்சைகளில் புற ஊதாத் துடிப்புகளைப் பயன்படுத்துவதற்காக பிளம், சீனிவாசன், வின் மூவரும் 1982-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1988-இல் கிடைத்தது. அதில் பிற மருத்துவப் பயன்களும் அடங்கும்.

அந்த நிகழ்வு எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு கணக்கு காட்டும். கருவிழிப் படலத்தின் தடிமன் நடுவில் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ஆறு மில்லிமீட்டர் அகலப் பகுதியில் ஒரு டயாப்டர் கிட்டப்பார்வையைத் திருத்த, நடுவில் சுமார் 12 மைக்ரான் அகற்றினால் போதும். மைனஸ் நான்கு கண்ணாடி போடுபவருக்கு 48 மைக்ரான். ஒரு லேசர் துடிப்பு எடுப்பது மைக்ரானில் கால் பங்கு. இருநூறு துடிப்புகளில் ஆழம் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றும் சற்றேறக்குறைய ஒரே அளவு. சூட்டால் உருக்குகிற எந்தக் கருவியும் இந்தத் துல்லியத்தைத் தராது. நாற்பதைத் தாண்டியவருக்கு வருகிற வெள்ளெழுத்துக்குச் சாதாரண லாசிக் மருந்தல்ல என்பதையும், கருவிழி மெலிந்தவர்களுக்கு மருத்துவர் மறுத்துவிடுவார் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பொற்கொல்லர் பட்டறையில் ஊசிமுனைக் கற்களைப் பார்த்துப் பார்த்து உழைக்கிற நடுவயதினரின் தேவை பெரும்பாலும் முதல் வகை.

புற ஊதா என்றதும் புற்றுநோய் பயம் வருவது நியாயமே. வெயிலில் நம் மரபணுவைக் கெடுப்பது 290 முதல் 320 நானோமீட்டர் வரையிலான ஒளி. அது செல்லின் உட்கருவரை போகக்கூடியது. 193 நானோமீட்டரை வழியிலுள்ள புரதமே விழுங்கிவிடுகிறது. எதை வெட்டுகிறதோ அதைத் தாண்டி அந்த ஒளிக்கு ஏறக்குறைய வழியே இல்லை.

அறிவியலுக்குள்ளிருந்து வந்த எதிர்ப்பையும் மறைக்கக் கூடாது. நீங்கள் பிணைப்பை அறுக்கிறீர்கள் என்கிறீர்கள், உண்மையில் மிக வேகமாகச் சூடாக்குகிறீர்கள் என்று 1980-களில் பல இயற்பியலாளர்கள் வாதிட்டார்கள். 248, 308 நானோமீட்டர் லேசர்களில் அவர்கள் பக்கம் வலுவான தரவு இருந்தது. சீனிவாசன் 1986-இல் 'சயின்ஸ்' இதழிலும், பிராரனுடன் சேர்ந்து 1989-இல் 'கெமிக்கல் ரிவியூஸ்' இதழிலும் விரிவாக எழுதினார். அலைநீளத்தையும் பொருளையும் பொறுத்து இரண்டும் பங்கு கொள்கின்றன என்பதே இன்றைய பொதுவான நிலை. இது அவர் வாதத்தைச் சற்றுக் குறைக்கிறது. ஆனால் கருவிழிக்கு 193 நானோமீட்டரைத்தான் நாட வேண்டும் என்ற அவர் முடிவை அசைக்கவில்லை. இன்றுவரை எக்சைமர் கண் சிகிச்சைக் கருவிகள் அந்த அலைநீளத்தில்தான் ஓடுகின்றன.

அவர் ஓய்வு பெற்று ஐந்தாண்டு கழித்து, 1995-இல்தான், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எக்சைமர் கண் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. 2002-இல் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் மூவரின் பெயரும் சேர்ந்தது. 2013 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அணிவித்தார். அதே ஆண்டில் ரஸ் பரிசும் வந்தது. நோபல் வரவில்லை. 2018 இயற்பியல் நோபலின் ஒரு பாதியை ஜெரார் மூருவும் டோனா ஸ்டிரிக்லாண்டும் பகிர்ந்துகொண்டபோது கண் அறுவை பெரிதாகப் பேசப்பட்டது. அது ஃபெம்டோ வினாடித் துடிப்புகளைத் தரும் வேறு லேசர் தொழில்நுட்பம். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ஸ்மைல்' முறை அந்த அகச்சிவப்பு லேசரை மட்டும் வைத்துக் கருவிழிக்குள் ஒரு மெல்லிய வில்லையை வெட்டி, சிறு துளை வழியே உருவி எடுக்கிறது. எக்சைமரின் காலம் முடிந்தது என்று சிலர் இதைக் காட்டிச் சொல்கிறார்கள். ஆனால் ஸ்மைல் செய்த கண்ணில் கொஞ்சம் கிட்டப்பார்வை மிஞ்சிவிட்டால், அதே முறையில் இரண்டாவது வில்லையை உருவுவது எளிதல்ல. அந்தச் சின்னத் திருத்தத்துக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் திரும்பி வருவது 193 நானோமீட்டருக்குத்தான்.